ஐந்நூறு மீட்டருக்குக் கீழே

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 ஏப்ரல் 2025

மாமா,

நீங்கள் கை நீட்டிக் காட்டிய இடத்தில் அண்ணன் சாகவில்லை.

முதலில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி முறைப்படி தொடங்குகிறேன். அன்புள்ள சபாபதி மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் மாதவி எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை. அங்கே நீங்கள் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

அண்ணனின் காரியம் முடிந்ததும் படகுக் கம்பெனி உங்களை லாபுவான் தீவுக்கு அனுப்பிவிட்டது. நீங்கள் போன் எண்ணையும் மாற்றிவிட்டீர்கள். உங்கள் பழைய அறைத்தோழர் தம்புசாமி அண்ணனைத் தேடிப் பிடித்துத்தான் நீங்கள் தங்கியிருக்கும் விடுதி விலாசத்தை வாங்கினேன். "கடுதாசி போட்டுப் பாரு. போன்ல ஆளு பேச மாட்டாரு லா" என்றார்.

போலீஸிடம் கம்பெனி சொன்ன கதை இது: படகு கிள்ளானில், புலாவ் கெத்தாம் தீவுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. துறைமுகத்துக்குள் நுழைய உத்தரவுக்குக் காத்திருந்தது. அண்ணன் திருச்செல்வம் குடித்திருந்தான், வழுக்கி விழுந்தான், காணாமல் போனான். நேரில் பார்த்தவராகக் கையெழுத்துப் போட்டது நீங்கள். அந்தப் படகு வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்.

உடல் கிடைக்காததால் தர்ப்பையில் ஓர் உடலைச் செய்து எரித்தோம். அந்தச் சாம்பலோடு படகில் போனோம். நீங்கள் முன்னால் நின்று, "இங்கதான்க்கா" என்று தண்ணீரைக் காட்டினீர்கள். அம்மா அங்கே பாலை ஊற்றினாள். தே தாரேக் தேநீர் நிறத்துத் தண்ணீரில் அந்தப் பால் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஷா ஆலமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணுகிறேன். "கண்ணுக்குத் தெரியாத மீனைப் பிடிக்கிறவ" என்று கேலி செய்வீர்கள். அந்த மீன்களைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். கிள்ளான் கடல் ஆழமில்லாதது. வெதுவெதுப்பானது. ஆறு கொண்டுவந்து கொட்டும் அழுக்கெல்லாம் அதில் இருக்கிறது, அதைத் தின்னும் பாக்டீரியாவும் கோடிக்கணக்கில் இருக்கிறது. அந்தச் சூட்டில் இறந்த உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாவும் வேகமாக வேலை செய்யும். வாயு உண்டாகும். உடல் இரண்டு மூன்று நாளில் மேலே வந்துவிடும். அந்தக் கடலில் விழுந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அதற்கு என் படிப்பு தேவையில்லை.

அண்ணன் வரவில்லை.

ஆற்றிலோ கடலிலோ ஓர் உடல் ஒதுங்கியது என்று கேள்விப்பட்டால் அம்மா பூக்கடையை மூடிவிட்டுப் பிணவறைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் பார்த்தது யாரோ ஒரு பங்களாதேஷ்காரர். வீட்டுக்கு வந்து, "அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் பூ கட்ட உட்கார்ந்தாள். லோகேஸ்வரி அண்ணி உடலைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். உறவுக்காரர்கள் அதை ஒரு குற்றமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவன் எங்கே விழுந்தான் மாமா?

மாதவி

*

லாபுவான்
3 மே 2025

அன்பான மருமகள் மாதவிக்கு மாமா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். அக்காவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். லோகேஸ்வரியைப் பற்றி யார் என்ன பேசினாலும் நீங்கள் அவளை விட்டுவிடாதீர்கள்.

உன் கடிதம் கிடைத்தது. நீ படித்த பிள்ளை. ஆனால் கடல் படிப்புக்குக் கட்டுப்படாதும்மா. அங்கே நீரோட்டம் அதிகம். பெரிய கப்பல்கள் போகிற பாதை. கப்பலுக்கு அடியில் சுற்றும் காற்றாடியில் அடிபட்டால் ஒன்றும் மிஞ்சாது. இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் சும்மா இருந்தேன். நீயும் சொல்லாதே.

எல்லாம் போலீஸ் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

இங்கே மழை. விடுதியில் சாப்பாடு பரவாயில்லை. அக்காவைப் பிணவறைக்கு அனுப்பாதே. அங்கே போகிற வயதில்லை அவளுக்கு.

இப்படிக்கு,
சபாபதி

*

பிரிக்பீல்ட்ஸ்
11 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி?

காற்றாடி என்று எழுதியிருக்கிறீர்கள். நங்கூரமிட்டு நிற்கும் படகின் காற்றாடி சுற்றுமா? வேறு கப்பல் என்றால், விழுந்த ஆளை விட்டுவிட்டு அது வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றீர்களா? நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் முந்தின வரியை அடிக்கிறது.

குடித்திருந்தான் என்ற இடத்துக்கு வருகிறேன். அண்ணன் குடிக்க மாட்டான் என்பது அவனைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொங்கலன்று நீங்கள் நீட்டிய பீர் கிளாஸை வாங்கிச் செடிக்கு ஊற்றியவன் அவன். "செடிக்குப் போதையேறினா நீதாண்டா தூக்கிக்கிட்டுப் போகணும்" என்று நீங்கள்தான் திட்டினீர்கள். தமிழன் குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதினால் இந்த ஊரில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. கம்பெனிக்கு அது தெரியும். எழுதியவன் அவர்கள் ஆள். கையெழுத்து தாய்மாமனுடையது. என் கோபம் கம்பெனிமேல் பாதிதான்.

இன்னொன்றும் யோசித்தேன். ஓர் உடல் எப்போது மேலே வராது? கடலை ஒரே தண்ணீர் என்று நினைக்கிறோம். அது மாடி மாடியாக இருக்கிறது. வெயில் எட்டுகிற மேல்மாடியில்தான் உயிர் பெருகுகிறது. அங்கே செத்ததெல்லாம் தூளாகி, பனி கொட்டுவதுபோலக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வழிநெடுக அதைத் தின்ன வாய்கள் காத்திருக்கும். ஆயிரம் மீட்டரைத் தொடுவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருட்டு, குளிர், அழுத்தம். பாக்டீரியா கொஞ்சம்தான், அதுவும் பட்டினியில் மெல்ல நகரும். அங்கே போய்ச் சேர்ந்த உடலில் வாயு உண்டாகாது, உண்டானாலும் அழுத்தம் அதை எழும்பவிடாது. அது அங்கேயே கிடக்கும்.

ஆனால் அவ்வளவு ஆழம் கிள்ளானில் இல்லை. மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் எங்குமே இல்லை. உங்கள் படகுக்குக் கரையோர உரிமம்தான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். பிறகு எப்படி?

தெரியாமல்தான் கேட்கிறேன். சொல்லுங்கள்.

மாதவி

*

லாபுவான்
20 ஜூன் 2025

அன்பான மாதவிக்கு, மாமாவின் ஆசீர்வாதம். தாமதத்துக்குக் கோபிக்காதே. வெளிவேலைக்குப் போயிருந்தோம். எனக்கு அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, கிளினிக்கில் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

நீ ஆழம், குளிர் என்று எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையெல்லாம் யோசிக்காதேம்மா. செல்வம் கஷ்டப்படவில்லை. கடவுள்மேல் ஆணையாகச் சொல்கிறேன். அன்றைக்குக் காற்றே இல்லை, கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். அவன் போனது நல்ல சுத்தமான தண்ணீரில். சாக்கடையில் இல்லை. அதை மட்டும் அக்காவிடம் சொல். மனசு ஆறும்.

அவன் வேலையில் கெட்டிக்காரன். எதைக் கட்டினாலும் அவிழ்க்கிறவனுக்கு இலகுவாகக் கட்டுவான். போட்டில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

இப்படிக்கு,
மாமா

*

பிரிக்பீல்ட்ஸ்
27 ஜூன் 2025

மாமா,

நலம் விசாரிப்பை இந்த முறை விட்டுவிடுகிறேன், மன்னியுங்கள்.

கிள்ளானில் நீலத் தண்ணீர் எங்கே இருக்கிறது?

புலாவ் கெத்தாமுக்கு வெளியே கையை விட்டால் விரல் தெரியாது. நாற்பது வருஷமாக அந்தச் சேற்றில் படகு வேலை செய்தவர் நீங்கள். உங்கள் வாயில் கண்ணாடி மாதிரி நீலம் என்று வருகிறது. கண்ணாடி மாதிரி இருப்பது எதனால் தெரியுமா? அந்தத் தண்ணீரில் தின்னவும் ஒன்றுமில்லை, தின்கிறதும் அதிகமில்லை. கரையை விட்டு வெகுதூரம் போனால்தான் அப்படி ஒரு தண்ணீர். லங்காவியைத் தாண்டி, அந்தமான் கடல் பக்கம், அடி தெரியாத இடம்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சுத்தமான தண்ணீர் என்ற இடத்தில் அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நாம பால் ஊத்துன எடம் சுத்தமா இல்லையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பூக்கட்டுகிற கையை நிறுத்தவில்லை. நான்தான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் போனீர்கள்? எதற்காகப் போனீர்கள்?

மாதவி

*

லாபுவான்
2 ஆகஸ்ட் 2025

மாதவிக்கு,

நான் சுகம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

கை தவறி எழுதியதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்காதே. இந்த விடுதிக்கு வரும் கடிதங்கள் ஆபீஸ் வழியாகத்தான் என் கைக்கு வருகின்றன. போன கடிதத்தின் உறை பிரிந்திருந்தது. புரிந்துகொள்.

மாமா

*

பிரிக்பீல்ட்ஸ்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு உயிரோடு வேண்டும். இந்தக் கடிதத்தை விடுதிக்கு அனுப்பவில்லை. லாபுவானில் ஒரு மளிகைக்கடை விலாசத்தைத் தம்புசாமி அண்ணன் கொடுத்தார். உறை பிரியாமல் வரும்.

எங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள் என்று இனி கேட்கத் தேவையில்லை. எனக்காகத்தான் போயிருக்கிறீர்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஆழ்கடல் நீர் தேவைப்பட்டது. மேல்மட்டத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டர் வரை நுண்ணுயிர் எப்படிக் குறைகிறது, செத்த பொருள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிற வேலை. நாங்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்துக் கொடுத்தார். பெரிய ஆய்வுக் கப்பல் என்று சொன்னார். பெட்டிகள் வந்து இறங்கியது மார்ச்சில், அண்ணனின் காரியத்துக்காக நான் விடுப்பில் இருந்த வாரம். முதல் தொகுதிப் பைகளை வேறொருத்தி அவிழ்த்து, பாட்டில்களை எனக்காக எடுத்து வைத்திருந்தாள். நான் திரும்பி வந்து அந்த நீரை வடிகட்டினேன். சாயமேற்றினேன். எண்ணினேன். வரைபடம் போட்டேன். மேலே அடர்த்தியாகத் தொடங்கி, இருநூறு மீட்டரில் சரிந்து, ஆயிரத்துக்குக் கீழே நூலாக இளைத்துப்போகிற வளைவு. அவ்வளவு ஒழுங்கான வளைவு எங்கள் கூடத்தில் வந்ததே இல்லை. எங்கள் கூடத் தலைவர் டாக்டர் ரமணி என் கையைக் குலுக்கினார். துக்க வீட்டிலிருந்து வந்து இவ்வளவு கவனமாக வேலை செய்கிறாளே என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

போன வியாழக்கிழமை, சரிபார்ப்பதற்காக அதே நீரின் இரண்டாம் தொகுதியை உறைபெட்டியிலிருந்து எடுத்தேன். அதை அதுவரை யாரும் தொடவில்லை. பாட்டில்கள் பிளாஸ்டிக் பைகளில் இருந்தன. பை வாய்கள் சிவப்பு ரப்பியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன.

முதல் பை, மேல்மட்டம். கயிறு இரண்டு சுற்று, உள்ளிருந்து ஓர் இழுப்பு, நுனியில் ஒரு சின்னக் காது. அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் முழுக்க அவிழும். எங்கள் கடையில் பூப்பொட்டலம் கட்டுகிற முடிச்சு அது. ஆனால் சுற்று இடப்பக்கமாகப் போயிருந்தது. இடக்கையால் பூக்கட்டுகிறவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன்தான். "சாமிக்குப் போற பூவை எடக்கையால கட்டாதடா" என்று அம்மா அவன் விரலில் தட்டித் தட்டியே ஓய்ந்துபோனாள்.

நான் அந்தக் காதை இழுக்கவில்லை. உறைபெட்டிக் கதவைத் திறந்தபடி நின்றேன். அலாரம் அடித்த பிறகுதான் எனக்குச் சுய நினைவு வந்தது.

ஐம்பது மீட்டர்: அவன் முடிச்சு. இருநூறு மீட்டர்: அவன் முடிச்சு.

ஐந்நூறு மீட்டர் பையில் வேறு முடிச்சு. இறுக்கி, இரட்டையாகப் போட்டு, நுனியை லைட்டரால் பொசுக்கிய முடிச்சு. ஆயிரத்திலும் அதுதான். ஆயிரத்தைந்நூறிலும் அதுதான். எங்கள் பூக்கடைக் கித்தானை அந்த முடிச்சால்தான் கட்டிக் கொடுத்தீர்கள். காற்று அடித்தாலும் அவிழாது, ஒவ்வொரு முறையும் கத்தியால் வெட்ட வேண்டியிருக்கிறது என்று அம்மா திட்டுவாள்.

தெலுக் பங்லிமா காராங்கில் அந்த ஒப்பந்தக்காரருக்கு ஒரு ஸ்டோர் இருக்கிறது. அன்றைக்கே போனேன். பெட்டிகளைக் கொண்டுவந்து தருகிற கென்னத் அங்கே இருந்தான். நல்ல பையன், எப்போதும் சிரிப்பான். ஏதோ சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன். கப்பல் வாடகை கட்டுப்படியாகவில்லையாம், கிள்ளான் படகு ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்களாம். "சாம்பிள் வந்திச்சா, வந்திச்சு. நம்பர் சரியா, சரி. அப்புறம் என்ன லா? பெரிய டாக்டரே கேக்கல" என்றான்.

எந்த வரிசையில் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"அந்தப் போட்ல தண்ணி அள்ளுற பாட்டில் ஒண்ணே ஒண்ணுதான் மாதவி. கம்பியில கட்டி எறக்கணும், இழுத்து ஊத்தணும், மறுபடி எறக்கணும். மேலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழ போவாங்க. ஒரு எடத்துக்கே அரை நாளு போயிடும்."

ஐந்நூறிலிருந்து முடிச்சு மாறியிருக்கிறதே என்றேன்.

அவன் சிரித்தான். "அதெல்லாமா பாப்பே நீ? பாதியிலே ஆள மாத்தியிருப்பாங்க லா. அவனுக்கு டயர்டா இருந்திருக்கும்."

நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "ஓகேவா? சாப்பிடலயா?" என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

மாமா, எனக்குப் புரிந்தது சரியா? இருநூறு மீட்டர் நீரை ஊற்றிப் பையைக் கட்டிவிட்டு அண்ணன் விழுந்தான். அதற்குப் பிறகு நீங்கள் பாட்டிலை மறுபடியும் இறக்கினீர்கள். ஐந்நூறுக்கு. பிறகு ஆயிரத்துக்கு. பிறகு ஆயிரத்தைந்நூறுக்கு. ஒவ்வொன்றையும் ஊற்றி, மூடி, பையில் போட்டு, கட்டி, நுனியைப் பொசுக்கினீர்கள்.

நான் எண்ணியது அந்த நீரைத்தான்.

இது தவறு என்று எழுதுங்கள். வேறு ஆள் கட்டினான் என்று எழுதுங்கள். நான் நம்பத் தயாராக இருக்கிறேன். வேறு எதையாவது சொல்லுங்கள் மாமா, நம்புகிறேன்.

மாதவி

*

லாபுவான்
30 செப்டம்பர் 2025

மாதவிம்மா,

நீ, அக்கா, லோகேஸ்வரி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கை மரத்துப்போகிறது, எழுத்துச் சரியாக வரவில்லை.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. செல்வத்துக்கு நீச்சல் தெரியும். லைப் ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது. அதைக் கம்பி சுற்றுகிற விஞ்ச் பக்கம் நிற்கிறவர்கள் போட வேண்டும் என்று விதி. அவன் விஞ்சில் இல்லை, பாட்டில் பக்கம்.

நான் டெக் ஆள். திசை பார்க்கிறதும் ரேடியோவும் கேப்டன் கையில். கேப்டனுக்கு மேலே கம்பெனி. வேலையை முடித்துவிட்டு வா என்று சாட்டிலைட் போனில் சொன்னால் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். உனக்கு இது புரியாது. நீ ஏர்கோன் அறையில் வேலை செய்கிறவள்.

இதைப் படித்ததும் எரித்துவிடு. அக்காவிடம் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சபாபதி

*

பிரிக்பீல்ட்ஸ்
6 அக்டோபர் 2025

மாமா,

உங்கள் கை மரத்துப்போவதை டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கடிதத்தை எரிக்கவில்லை.

ரேடியோவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என் கடிதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. நீங்களாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மற்றது விளங்கியது. உதவி கேட்டு ரேடியோவில் கூப்பிட்டால் படகு நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால், கரையோர உரிமம் உள்ள படகு ஆழ்கடலில் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். அதனால் கூப்பிடவில்லை. அமைதியான கடலில், நீந்தத் தெரிந்த ஒருவன் தண்ணீரில் இருக்கிறான். நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு கிள்ளானுக்கு வந்து, நங்கூரமிட்டு, அங்கே விழுந்தான் என்றீர்கள். எத்தனை பேர் நாள்கணக்கில் அந்தச் சேற்றில் அவனைத் தேடினார்கள், நீங்கள் வாய் திறக்கவில்லை.

ஏர்கோன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். ஏர்கோனில் உட்கார்ந்துகொண்டு, நீர் எப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்காதவர்கள்தான் நாங்கள். குறைந்த விலைக்குக் கிடைத்தது, வளைவு அழகாக வந்தது. டாக்டர் ரமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் தரவுக்கும் சம்பந்தம் இல்லையேம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடல் போலீஸிடமும் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பைகளைப் படம் எடுத்துக்கொண்டார். முடிச்சை வைத்து வழக்கை மறுபடி திறக்க முடியாது, அந்தப் படகில் இருந்த ஒருவர் வந்து சொன்னால் உடனே திறக்கிறேன் என்றார். அவர் சொல்வது நியாயம்தான். கேப்டன் சொந்த ஊருக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் ஒப்பந்தம் முடிந்து நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வந்து சொன்னால் சிறைக்குப் போக நேரலாம். வேலை போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அவன் குடிக்கவில்லை என்று அந்தத் தாளில் திருத்தம் வர வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று அண்ணிக்குத் தெரிய வேண்டும். வாருங்கள்.

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
15 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி வந்து போய்விட்டது. நாங்கள் கொண்டாடவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, பிணவறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நடந்ததை அவளிடம் நீங்களே சொல்வீர்கள் என்று இவ்வளவு நாள் பார்த்தேன், பிறகு நானே சொன்னேன். உங்கள் பெயரைக் கேட்டதும், "என் தம்பியா? அவன் செய்ய மாட்டாண்டி" என்றாள். உங்கள் கடைசிக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழுதிருந்தால்கூட நான் உங்களுக்கு எழுதியிருப்பேன், கவலைப்படாதீர்கள் என்று.

மளிகைக்கடைக்காரர் என் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததாகச் சொன்னார். அங்கேயே நின்று படித்தீர்களாம். ஆகவே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டேன். அந்த வளைவு என் பெயர் இல்லாமல் எங்கேயோ அச்சாகும். பரவாயில்லை.

அண்ணியும் நானும் நேற்று உட்கார்ந்து பேசினோம். அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். என்னால் அதைக் கணக்குப் போட முடிந்தது மாமா, அதுதான் கொடுமை. ஐந்நூறு மீட்டர் கம்பி இறங்கி ஏற வேண்டும். பிறகு ஆயிரம். பிறகு ஆயிரத்தைந்நூறு. சின்ன விஞ்ச், மெதுவாகத்தான் சுற்றும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதுவரை படகு அங்கேயே நின்றது. கம்பி நேராக இறங்க வேண்டுமென்றால் நின்றுதான் ஆக வேண்டும். காற்றில்லை. கடல் கண்ணாடி. வெயில் நேரம். அவனுக்கு நீந்தத் தெரியும்.

அண்ணியிடம் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

சாட்சி சொல்ல நீங்கள் வரவில்லை. வருவீர்கள் என்று இப்போது நினைக்கவும் இல்லை. இனி அதைக் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்குப் போலீஸ் வேண்டாம், கம்பெனிக்குத் தெரிய வேண்டாம், ஒரு வரி போதும்.

கம்பி இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்?

எழுதுங்கள்.

மாதவி